வாவிக்கரைச் சுவர்கள் – 9: பசுவின் மடியில் பிறந்த ஓவியர்

மட்டக்களப்புக்குப் பிரெஞ்சுப் பாதிரிமார் வந்து சேர்ந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் தனியாக உருவானது, அதன் பொறுப்பு பிரான்சின் சம்பாஞ் மாகாண இயேசு சபையாரிடம் வந்தது, லவீஞ் ஆண்டகைக்குப் பின் 1917 முதல் 1946 வரை ரொபிஷே ஆண்டகை ஆயராக இருந்தது, புனித மிக்கேல் கல்லூரியில் பொனெல் அடிகளாரிடம் சுவாமி விபுலாநந்தர் கணிதம் கற்றது எல்லாம் அந்த அத்தியாயத்தில் வந்தன.

அரை நூற்றாண்டு காலம் பிரெஞ்சுக்காரர் இந்த வாவிக்கரையில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், கோயில் கட்டினார்கள். அதே அரை நூற்றாண்டில்தான் அவர்களுடைய சொந்த நாட்டில் சுவரொட்டி என்பது தெருவோரச் சரக்கு என்ற நிலையை விட்டு, ஓவியக்கலையின் சொந்தப் பிள்ளையாக வளர்ந்தது. நம்முடைய தொடர் சுவர்களைப் பற்றியது. ஆகவே கேட்டாக வேண்டும்: அந்தக் கலையின் வாடை நம் பக்கம் வீசியதா?

வீசியது. ஆனால் பாதிரிமாரின் கப்பலில் அது வரவில்லை. சித்திர வித்தியாதரிசி ஒருவரின் உத்தியோகத்தோடு கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணம் சுற்றி, மிகவும் பிந்தித்தான் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது. வருகிற வழியில் சுவரைக் கைவிட்டுவிட்டு, ஓவியக் கோட்டினை மட்டும் கொண்டு வந்தது. இந்த அத்தியாயம் அந்தப் பயணத்தைப் பற்றியது.

சுவருக்கு ஒரு சட்டம்

பாரிஸின் பழைய கட்டடங்களில் இன்றும் கறுப்பு எழுத்தில் ஒரு வாசகத்தைக் காணலாம்: விளம்பரம் ஒட்டத் தடை, 1881 யூலை 29ஆம் திகதிச் சட்டம். படித்தால் அரசாங்கம் சுவரொட்டியை அடக்கப் பிறப்பித்த சட்டம் போலத் தோன்றும். உண்மையில் அது பத்திரிகைச் சுதந்திரத்துக்காக மூன்றாம் குடியரசு நிறைவேற்றிய சட்டம். அச்சடிப்பதற்கும் ஒட்டுவதற்கும் இருந்த பழைய தடைகளை அது நீக்கியது. அதன் பிறகு எந்தச் சுவரில் ஒட்டக்கூடாது என்பதைத்தான் எழுதி வைக்க வேண்டியிருந்தது. எழுதாத சுவரெல்லாம் ஒட்டுகிறவனுடையது.

அந்தச் சட்டத்தில் இன்னொரு சுவையான விதி உண்டு. வெள்ளைத் தாளில் அச்சிட்டு ஒட்டும் உரிமையை அரசாங்க அறிவித்தல்களுக்கு மட்டுமே அது ஒதுக்கியது. தனியார் நிறத்தை நாடவேண்டியிருந்தது. கலை வரலாற்றில் சட்டமன்றத்துக்கு நன்றி சொல்ல வேண்டிய இடங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

நம் நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சரியாக நூறு வருடம் கழித்து வந்த 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம், வேட்புமனு நாளிலிருந்து வாக்களிப்புக்கு மறுநாள் வரை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, தேர்தல் சுவரொட்டிகளைத் தடை செய்கிறது. தடை இருந்தும் நம் சுவர்கள் எப்படி நிறைகின்றன என்பது வாசகர் அறியாததல்ல.

கல்லில் வரைந்த தெரு

சட்டம் இடம் கொடுத்தது. கருவி ஏற்கெனவே கையில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு அது. நாம் லித்தோ என்கிறோம்.

வேலை இப்படி நடக்கும். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல் பலகை ஒன்றில் கொழுப்புக் கலந்த பென்சிலால் படத்தை இடம் வலம் மாற்றி வரைவார்கள். கல்லை மருந்திட்டு நனைப்பார்கள். வரையாத இடம் தண்ணீரைக் குடிக்கும், வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளும். பிறகு எண்ணெய் மையை உருட்டினால், தண்ணீர் இருக்கும் இடத்தில் மை ஒட்டாது, கொழுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் பிடிக்கும். தாளை வைத்து அழுத்தினால் படம். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஐந்து நிறமென்றால் ஐந்து கல், ஐந்து முறை அதே தாள், மயிரிழை விலகாமல்.

இந்த முறையில் எழுத்தும் படமும் ஒரே கையிலிருந்து பிறக்கின்றன. ஈய எழுத்தைக் கோத்து அடிக்கிற அச்சுக்கூடத்தில் எழுத்து ஒருவர் வேலை, படம் இன்னொருவர் வேலை. கல்லச்சில் ஓவியர் எழுத்தையும் வரைகிறார். ஆகவே அந்த எழுத்தும் படத்தின் உறுப்பாகி விடுகிறது. யூல் ஷெரே பல நிறக் கல்லச்சைப் பாரிஸ் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1891இல் துலூஸ்-லோத்ரெக் மூலென் ரூஜ் ஆடலரங்குக்கு வரைந்த சுவரொட்டியோடு, தெருவில் ஒட்டியதை இரவில் உரித்துக்கொண்டு போய்ச் சேர்த்து வைக்கும் ரசிகர் கூட்டமும் பெருகியது.

ஓடுகிறவனுக்கு ஒரு படம்

இருபதாம் நூற்றாண்டு வந்ததும் பார்க்கிறவன் மாறிவிட்டான். ஷெரேயின் காலத்தில் அவன் நடந்து போனான். இப்போது மோட்டார் வண்டியிலும் மெத்ரோ ரயிலிலும் போகிறான். நின்று பார்க்க அவனுக்கு நேரமில்லை.

இதை முதலில் முழுமையாக உணர்ந்தவர் கசாண்டர். 1901இல் இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். அவருடைய 1932ஆம் ஆண்டு டூபொனே மதுபான விளம்பரம் மூன்று கட்டங்களாலானது. முதல் கட்டத்தில் மேசை முன் ஒருவர் கிண்ணத்தைப் பார்க்கிறார். உடல் வெறும் கோடு, கையும் முகமும் மட்டும் நிறம். இரண்டாவதில் குடிக்கிறார், நிறம் பாதி உடம்புக்கு இறங்குகிறது. மூன்றாவதில் இன்னொரு கிண்ணம் ஊற்றிக்கொள்கிறார், ஆள் முழுக்க நிறம் ஏறிவிட்டது. பெயரின் எழுத்துகளும் அதே கணக்கில் கட்டத்துக்குக் கட்டம் நிரம்புகின்றன. வண்டியில் போகிறவன் தலை திருப்புவதற்குள் கதை முடிந்துவிடுகிறது. 1935இல் நோர்மண்டி கப்பலுக்கு அவர் வரைந்ததில், கப்பலின் முகப்பு நேரே நம்மை நோக்கி வானளாவ நிற்கிறது. அடியில் பறக்கும் சின்னஞ்சிறு பறவைகளைப் பார்த்த பிறகுதான் அதன் உயரம் நமக்கு உறைக்கிறது.

கசாண்டரிடம் 1930களில் உதவியாளராக வேலை பார்த்தவர் ரேமோன் சவிஞாக். 1907இல் பாரிஸில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். முதலில் நகரப் போக்குவரத்துக் கம்பனியில் படவரைஞராக இருந்தவர். குருவிடமிருந்து சுருக்கத்தைக் கற்றுக்கொண்டார், அவருடைய கம்பீரத்தை விட்டுவிட்டார். கம்பீரம் இருந்த இடத்தில் சிரிப்பை வைத்தார்.

1949

1949 நம் பக்கத்தில் பெரிய ஆண்டு. கல்லோயாத் திட்டத்தின் வேலைகள் தொடங்கின. டிசம்பர் 18இல் கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சி பிறந்தது. பாரிஸில் அதே ஆண்டு இரண்டு சுவரொட்டிகள் பிறந்தன. ஒன்று பசு, மற்றது புறா.

பசு சவிஞாக்குடையது. மொன்சவோன் என்ற சவர்க்காரத்தில் பால் சேர்கிறது என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் இந்த வேலையைக் கொடுத்தால் என்ன செய்வோம்? குளிக்கும் பெண், பக்கத்தில் பால் குவளை, மேலே நாலு வரி, கீழே கடை விலாசம். சவிஞாக் ஒரு பசுவை வரைந்தார். அதன் முகத்தில் பெருமிதம். மடியிலிருந்து பால் இறங்குகிறது. இறங்கிய பால் வாளியில் விழவில்லை, கீழே சவர்க்காரக் கட்டியாகவே நிற்கிறது. படம் முடிந்தது. எழுத்தறியாத பிள்ளையும் ஒரு பார்வையில் விஷயத்தைச் சொல்லிவிடும்.

இதை அவர் வரைந்தபோது வாங்க ஆளில்லை. 1949இல் நண்பர் பெர்னார் வில்மோவுடன் சேர்ந்து பாரிஸில் நடத்திய கண்காட்சியில் இதையும் தொங்கவிட்டார். லோரேயல் நிறுவனத்தை உண்டாக்கியவரும் மொன்சவோனின் உரிமையாளருமான எஜேன் ஷ்யூலேர் அங்கே அதைக் கண்டு வாங்கினார். சவிஞாக்கின் வாழ்க்கை அன்றோடு மாறியது. 41ஆம் வயதில் அந்தப் பசுவின் மடியிலிருந்துதான் தான் பிறந்ததாக அவர் சொல்லிக்கொள்வார்.

அதன் பிறகு அவர் வரைந்தவற்றில் நம் வீடுகளுக்குப் பழக்கமான பெயர்களும் உண்டு. ஆஸ்ப்ரோ மாத்திரைக்கு அவர் வரைந்தது ஒரு மனிதத் தலை. அந்தத் தலைக்குள்ளே கார்கள் நெரிசலாக ஓடுகின்றன. தலையிடி என்ற வார்த்தைக்கு வேலையே இல்லை. மாகி சூப்புக்கு வரைந்ததில், ஒரு மாட்டின் முன்பாதி மட்டும் நிற்கிறது, ஆவி பறக்கும் பானையின் மணத்தைச் சுகமாக முகர்ந்துகொண்டு. பின்பாதி எங்கே போனது என்று பார்க்கிறவன் தானாக யோசித்துச் சிரிக்க வேண்டும். உலகெங்கும் அறியப்பட்ட பிக் பேனாவின் சின்னத்தில், உருண்டைத் தலையோடு முதுகுக்குப் பின்னால் பேனாவைப் பிடித்து நிற்கும் பள்ளிக்கூடப் பையனைக் கண்டிருப்பீர்கள். அவனும் சவிஞாக் பெற்ற பிள்ளைதான். புதிய எழுத்துமுனைக் குண்டுக்காக 1960களின் தொடக்கத்தில் வரைந்தது. பையனின் தலைதான் அந்தக் குண்டு.

சுவரொட்டி கண்ணுக்கு ஒரு கலவரமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. தெருவில் போகிறவனை அது இடறவேண்டும். அழகாக இருந்து ஒதுங்கி நின்றால் பயனில்லை.

வில்மோ வேறு வகை. சிரிப்பைவிட நிறத்தை நம்பியவர். 1953இலிருந்து ஒராஞ்சினா பானத்துக்கு அவர் வரைந்த வரிசை புகழ்பெற்றது. தோடம்பழத்தின் தோலை ஒரே சுருளாக உரித்தால் கிடைக்கும் வளையமே அங்கே கடற்கரைக் குடையாகிறது. கீழே ஒரு போத்தல், ஒரு கிண்ணம். வெயில், தாகம், பழம் மூன்றும் ஒரே உருவத்தில் வந்துவிட்டன.

இனிப் புறா. 1949 ஏப்ரலில் பாரிஸில் உலக சமாதான மாநாடு கூடியது. அதற்குச் சுவரொட்டி வேண்டும் என்று கவிஞர் அரகோன் பிக்காசோவின் பட்டறைக்குப் போனார். அந்த ஜனவரியில் முர்லோவின் அச்சகத்தில் பிக்காசோ வெள்ளைப் புறா ஒன்றைக் கல்லச்சில் செய்திருந்தார். அரகோன் அதையே எடுத்துக்கொண்டார். மாநாட்டையொட்டிப் பிறந்த மகளுக்குப் பிக்காசோ ஸ்பானிய மொழியில் புறா என்று பொருள்படும் பலோமா என்ற பெயரை வைத்தார். இடதுசாரிக் கூட்டங்களின் வழியே அந்தப் புறா உலகைச் சுற்றி வந்தது. பிற்காலத்தில் அவர் ஒரே கோட்டில் அதைச் சுருக்கினார். இன்று உலக சமாதான தினத்துக்கு நம் பாடசாலைப் பிள்ளைகள் வரையும் ஒலிவக்கிளைப் புறாவின் பூட்டன் அதுதான்.

வித்தியாதரிசி கொண்டுவந்த கோடு

இப்போது நம் கரைக்கு வருவோம். பிரெஞ்சு ஓவியத்தின் புதிய கோடு இலங்கைக்குள் நுழைந்ததற்கு முதற்காரணர் சார்ல்ஸ் ஃப்ரீகுரோவ் வின்சர். பாரிஸின் ஓவிய உலகத்தை நேரில் அறிந்த ஓவியர், கல்லச்சுப் படங்களும் செய்தவர். 1920களில் இலங்கையின் தலைமைச் சித்திரப் பரிசோதகராக, அந்தக் காலத்து வழக்கில் சித்திர வித்தியாதரிசியாக, வேலை பார்த்தார். ஆங்கிலேய மாதிரிப் படங்களை அச்சொட்டாகப் பார்த்து வரையும் பழக்கத்திலிருந்து பாடசாலைச் சித்திரத்தை வெளியே இழுத்தார். செசானையும் கோகானையும் பற்றிப் பேசினார். ஜோர்ஜ் கீற், ஜெஃப்ரி பெய்லிங் போன்ற இளைஞர்களை ஊக்கினார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் பெய்லிங்தான்.

1943 ஆகஸ்ட் 29இல் ஒளிப்படக் கலைஞர் லயனல் வெண்ட்டின் கொழும்பு வீட்டில் ‘43 குழு’ பிறந்தது. கீற், பெய்லிங், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜஸ்ரின் தெரணியகல, ரிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுசிறி, கேலிச்சித்திரக்காரர் ஒப்றி கொலெட் எல்லாம் அதில் இருந்தார்கள். ஹரி பீரிஸும் தெரணியகலவும் பாரிஸில் இருந்து படித்தவர்கள். குழுவின் படங்கள் 1952இல் லண்டனுக்கும் 1953இல் பாரிஸின் பெத்தி பலே அரங்குக்கும் போயின. சவிஞாக்கின் பசு தெருவில் பால் சுரந்துகொண்டிருந்த காலம் அது.

தமிழர் பக்கத்தில், யாழ்ப்பாணத்தில் சித்திர வித்தியாதரிசியாக இருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சரின் பெயராலேயே ‘வின்சர் ஆர்ட் கிளப்’ தொடங்கினார். அதைச் சுற்றிச் சித்திர ஆசிரியர்கள் கூடினார்கள், வெளியே போய் இயற்கையைப் பார்த்து வரைந்தார்கள், கண்காட்சி வைத்தார்கள். பாரிஸில் தொடங்கிய கோடு இப்படி ஒரு தமிழ் ஊரின் சித்திர வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தது.

அது வந்து உட்கார்ந்த இடங்களைக் கவனியுங்கள். வகுப்பறை, கழகம், கண்காட்சி மண்டபம், கொழும்புப் பெரிய வீடுகளின் வரவேற்பறை. பாரிஸில் ஓவியரையும் தெருவையும் சேர்த்துவைத்தவர்கள் சவர்க்காரக் கம்பனிக்காரரும் சோடாக் கம்பனிக்காரரும் கப்பல் கம்பனிக்காரருமே. நம் நாட்டில் அந்த இடத்தில் நின்றது தேயிலை. தேயிலைக்காரரின் விளம்பரப் பணம் வெளிநாட்டுச் சந்தையைத்தான் பார்த்தது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக 1934இல் பசில் ரைட் எடுத்த ‘சோங் ஒஃப் சிலோன்’ ஆவணப்படம் அதற்குச் சான்று. ஆங்கில உரையைப் படித்தவர் வெண்ட். பிரசல்ஸில் பரிசு பெற்ற அருமையான படம். ஆனால் அது உள்ளூர்ச் சுவருக்காக எடுக்கப்பட்டதல்ல. உள்ளூர்ச் சுவருக்கு ஓவியரைக் கூலி கொடுத்து அழைக்கும் முதலாளி இல்லாததால், கோடு மண்டபத்திலேயே தங்கிவிட்டது. தாளுக்கும் மைக்கும் அதைத் துணிந்து இறக்கியவர்கள் கேலிச்சித்திரக்காரர்களே. ஆங்கிலப் பத்திரிகைகளில் கொலெட், தமிழில் சவாரித்தம்பரை வரைந்து 1963இல் ‘சிரித்திரன்’ தொடங்கிய சிவஞானசுந்தரம். ஓரிரண்டு கோட்டில் ஆளைப் பிடித்து, அடுத்த நொடியில் சிரிக்க வைக்கிற சவிஞாக்கின் இனத்தைச் சேர்ந்தவர்கள் இவர்கள்.

புளியந்தீவில் ஒட்டியது என்ன?

அப்படியென்றால் 1950களில் மட்டக்களப்புச் சுவரில் என்ன இருந்தது? எழுத்து. பெரும்பாலும் எழுத்து மட்டுமே.

காரணம் ரசனைக்குறைவு என்று எண்ணிவிடக்கூடாது. காரணம் இயந்திரம். சிறுநகரத்து அச்சுக்கூடத்தில் இருந்தது காலால் மிதித்து ஓட்டும் அச்சுப்பொறி, அலமாரி நிறைய ஈய எழுத்து, தலைப்புக்குக் கொஞ்சம் மர எழுத்து. படம் வேண்டுமென்றால் நாகத் தகட்டில் புளொக் செய்யவேண்டும். அதற்குப் பெரிய நகரத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும், காசும் கொடுக்க வேண்டும். நாளைக்குக் கூட்டம், இன்றைக்கு நோட்டீஸ் வேண்டும் என்று வருகிறவனுக்கு அது கட்டுமா? ஆகவே ஈய எழுத்தே எல்லாவற்றையும் சொன்னது: நாட்டுக்கூத்து அரங்கேற்றம், கோயில் திருவிழா, அரசியல் கூட்டம், மரண அறிவித்தல். முக்கியமான சொல்லுக்குப் பெரிய எழுத்து, மிகவும் முக்கியமென்றால் சிவப்பு மை. பேச்சாளர் பெயர் எத்தனை பேருடையது என்றாலும் ஒருவர்கூட விடுபடக்கூடாது.

ஒட்டுவது தனிக்கலை. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் ஏற்றி, கைவிடாமல் கிண்ட வேண்டும். கட்டி விழுந்தால் தாள் அந்த இடத்தில் பிடிக்காது. பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பார்கள். சைக்கிளில் வாளி, கக்கத்தில் தாள் சுருள். ஒருவர் பூச, ஒருவர் ஒட்டித் தேய்க்க, மூன்றாமவர் தெருவைப் பார்த்துக்கொள்வார். மாரி தொடங்கிவிட்டால் எல்லாம் வீண். ஐப்பசி முதல் தை வரை அடிக்கிற வாடைமழையில் எந்தப் பசையும் நிற்காது. எழுவான்கரையில் சுவரொட்டிக்கும் வேளாண்மை போல ஒரு போகம் உண்டு.

படமே இல்லையா என்றால், ஒன்று இருந்தது: தேர்தல் சின்னம். 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. எழுத்தறியாதவரும் வாக்களிக்க வேண்டும். ஆரம்பத்தில் வேட்பாளருக்கு ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறப் பெட்டியில் வாக்குச்சீட்டைப் போடச் செய்தார்கள். பின்பு நிறத்தின் இடத்துக்குச் சின்னம் வந்தது. யானை, கை, திறப்பு, நட்சத்திரம், சைக்கிள், வீடு. 1956இல் செ. இராசதுரை தமிழரசுக் கட்சியின் சார்பில் மட்டக்களப்புத் தொகுதியில் வென்றபோது மக்கள் புள்ளடியிட்டது வீட்டுக்கு. ஒரு கூரை, ஒரு கதவு, எந்தப் பிள்ளையும் கரித்துண்டால் மதிலில் வரையக்கூடிய உருவம். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனும் அப்படியே.

சின்னத்தை வரைந்தவர் பெயர் எங்கும் இல்லை, அதைக் கலை என்று யாரும் சொன்னதும் இல்லை. ஆனால் சவிஞாக்கும் வில்மோவும் தேடிய மூன்றும் அதில் இருக்கின்றன: ஒரே உருவம், ஒரே செய்தி, வாசிக்கத் தெரியாதவனுக்கும் போய்ச் சேரும் தெளிவு. பாரிஸில் வணிகம் செய்த வேலையை வாவிக்கரையில் வாக்குரிமை செய்தது. நம் சுவர்க்கலையின் தாய்வீடு கடை அல்ல, வாக்குச்சாவடி. அதனால்தான் நம் சுவரொட்டி இன்றுவரை ஒரு பொருளை விற்பதைவிட ஒரு பக்கத்தில் நிற்பதையே சுலபமாகச் செய்கிறது.

கோடு வாவியைக் கடந்தது

வகுப்பறையில் தங்கிய அந்தக் கோடு என்ன ஆயிற்று? கைமாறிக் கைமாறி வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணம் குருநகரில் 1933இல் பிறந்த அ. மாற்கு, கொழும்பு நுண்கலைக் கல்லூரியில் பயின்று, ஊர்ப் பாடசாலைகளில் சித்திர ஆசிரியராக இருந்தார். உருவத்தை உடைத்துக் கோட்டால் மறுபடி கட்டும் பிக்காசோ வழியைத் தமிழ்ச்சூழலில் துணிந்து கையாண்டவர் அவர். 1987இல் அவருக்காக வெளிவந்த ‘தேடலும் படைப்புலகமும்’ ஈழத்து ஓவியம் பற்றிய தமிழ் நூல்களில் முக்கியமானது. போரும் இடப்பெயர்வும் அவருடைய படங்களில் பலவற்றைக் கொண்டுபோய்விட்டன. மாணவர்கள் மிஞ்சினார்கள்.

அவர்களில் ஒருவரான கமலா வாசுகி மட்டக்களப்பை வாழிடமாகக் கொண்டார். பெண்கள் மீதான வன்முறை, போர், இழப்பு, தாய்மை ஆகியவை அவருடைய ஓவியங்களின் பொருள். தடித்த கோடு, விரிந்த கண், நெருங்கி நிற்கும் பெண்ணுருக்கள். பெண்கள் இயக்கத்தில் உழைப்பவர் ஆகையால், ஓவியம் மண்டபத்துக்குள் அடைபட்டுக் கிடப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. மாற்குவின் பட்டறைக் கோடு இங்கே பொதுவெளியை நோக்கித் திரும்பியது.

1982இல் கல்லடியில் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று கட்புலக் கலையும் பாடம். அங்கே படிக்கிற பிள்ளை கசாண்டரையும் சவிஞாக்கையும் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். பார்க்கிறார்கள், ரசிக்கிறார்கள். ஐம்பதுகளின் பிரெஞ்சுச் சுவரொட்டிகளின் தட்டை நிறமும் உருண்டைக் கோடும் இளம் வடிவமைப்பாளர்களிடம் ஒரு மோகமாகவே உலகெங்கும் திரும்பி வந்திருக்கின்றன. சவிஞாக் தன் கடைசிக் காலத்தைக் கழித்து 2002இல் கண்மூடிய துரூவீல் என்ற கடற்கரை ஊரில், கடலோர நடைபாதைக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மோகம் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது என்பதே என் கவலை. பழைய தாளின் மங்கல் நிறத்தைக் கணினியில் ஏற்றிவிட்டால் பிரெஞ்சுச் சுவரொட்டி ஆகிவிடாது. கல்லடிப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வருகிற ஒருவர் பாலத்தடியில் கட்டியிருக்கும் பனரைப் பார்க்க எவ்வளவு நேரம் கிடைக்கும்? மூன்று விநாடி என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று விநாடிக்கு நாம் கொடுப்பது என்ன? பன்னிரண்டு முகம், ஒவ்வொன்றுக்கும் பெயரும் பதவியும், மேலே வாழ்த்து, கீழே அனுசரணையாளர் பட்டியல், மூலையில் தொலைபேசி இலக்கம். ஈய எழுத்துக் காலத்தில் பேச்சாளர் பெயர் ஒன்றுகூட விடக்கூடாது என்று அடித்த அதே நோட்டீஸ்தான், நிறம் பூசிக்கொண்டு பெரிதாகி நிற்கிறது. அன்றைக்குக் காரணம் இயந்திரம். புளொக் செய்யக் காசில்லை. இன்றைக்கு இயந்திரம் எதையும் அடித்துத் தரும். விடுபட்டவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம்தான் வடிவமைப்பாளராக இருக்கிறது.

சவிஞாக்கிடம் கற்க வேண்டியது அந்தப் பயத்தை வெல்லும் வித்தை. ஒரு சுவரொட்டியைத் தொடங்குமுன் அவர் எதைச் சேர்ப்பது என்று கேட்கவில்லை, எதை நீக்கினாலும் படம் நிற்குமா என்று கேட்டார். பண்ணையை நீக்கினார், பால்காரரை நீக்கினார், குளிக்கும் பெண்ணை நீக்கினார். பசுவும் சவர்க்காரமும் மிஞ்சின. நம் வாக்காளருக்கு வீடும் சூரியனும் போதுமாயிருந்ததை நினைத்துப் பார்த்தால், இந்தச் சிக்கனம் நமக்குப் பிரான்சிலிருந்து கடன் வாங்க வேண்டிய சரக்கும் அல்ல. நம் மதில்களில் கரியால் வரைந்து பழகியதுதான். பழகியதை மறக்கச் செய்தது யார்?

பெரிய பங்கு சினிமாவுக்கு. ஐம்பதுகளின் பிற்பாதியில் சென்னையிலிருந்து வந்த படப்பெட்டிகளோடு பலநிறச் சுவரொட்டிகளும் மட்டக்களப்பில் வந்து இறங்கின. ஈய எழுத்து மட்டுமே பார்த்துப் பழகிய சுவரில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் ஆளுயரத்துக்கு ஏறினார்கள். சின்னத்தைப் பார்த்துப் பழகிய கண் முகத்தைத் தேடத் தொடங்கியது அப்போதுதான். சிவகாசி லித்தோக்காரரும் சென்னை பேனர்க்காரரும் நம் சுவரைப் பிடித்த அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)